72 பேர் உள்ள இயற்பியல் வகுப்பில் ஃபோன் வழியாக வாக்கெடுப்பு: எந்தத் தளம், எப்படி நடத்துவது?

நீள்வட்டம் கேட்டது:

வணக்கம். பி.எஸ்சி. முதலாண்டு இயற்பியல், இயக்கவியல் பாடம். 72 மாணவர்கள், 50 நிமிடப் பிரிவேளை. "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், முன்வரிசையில் நாலைந்து பேர்தான் வாய் திறக்கிறார்கள். மற்றவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது இன்டர்னல் விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. திரையில் கேள்வி போட்டு, மாணவர்கள் ஃபோனில் விடையைத் தட்டினால் உடனே வரைபடமாக வரும் தளம் ஒன்றைப் பயன்படுத்த நினைக்கிறேன்.

எங்கள் நிலவரம்: கல்லூரி வைஃபை உண்டு, லாகின் பக்கம் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஏழெட்டு மாணவர்களிடம் ஸ்மார்ட்ஃபோன் இல்லை. பணம் கட்டும் திட்டம் வாங்க முடியாது. பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், ஆகவே கேள்வி இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். எந்தத் தளம் சரிவரும்? வகுப்பில் எந்த வரிசையில் நடத்த வேண்டும்? இதற்கு மதிப்பெண் போடலாமா?

ஒளிவிலகல் எழுதியது:

தளத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் கேள்வி.

இந்த முறைக்கு நல்ல வழிகாட்டி ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் தன் இயற்பியல் வகுப்பில் தொடங்கிய சகமாணவர் கற்பித்தல்தான். ஒரு கருத்துக்கு ஒரு கேள்வி, மாணவர் தனியாக ஒரு வாக்கு, பக்கத்தில் இருப்பவருடன் விவாதம், மறுபடி ஒரு வாக்கு, பிறகு ஆசிரியரின் விளக்கம். அவ்வளவுதான். க்ளிக்கர் கருவியோ (பட்டனை அழுத்தி விடை அனுப்பும் கையடக்கக் கருவி) இணையமோ இல்லாமலும் இது நடக்கும். எழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டிய வகுப்பையும் க்ளிக்கர் வைத்திருந்த வகுப்பையும் ஒப்பிட்டு 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. கருத்துப் புரிதலில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஃபோனால் கிடைக்கும் கூடுதல் நன்மை இரண்டு: யார் என்ன தேர்ந்தெடுத்தார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது; உங்களிடம் பதிவு மிஞ்சும்.

கேள்வியை இப்படி அமையுங்கள். "புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு என்ன" என்று கேட்டு 9.8, 98, 0.98, 980 என்று நான்கு விடை கொடுத்தால் அது நினைவுச் சோதனை. விவாதிக்க அதில் ஒன்றும் இல்லை. இதைப் பாருங்கள்:

செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? காற்றுத் தடை இல்லை.
அ. சுழி
ஆ. கீழ்நோக்கி 9.8 மீ/வி²
இ. மேல்நோக்கி 9.8 மீ/வி²
ஈ. அந்தக் கணத்தில் முடுக்கம் மேலிருந்து கீழாகத் திசை மாறுகிறது

'அ' எடுப்பவர் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் குழப்பிக்கொள்கிறார். 'இ' எடுப்பவர், கை கொடுத்த விசை பந்தோடு இன்னும் போய்க்கொண்டிருப்பதாக நினைக்கிறார். 'ஈ' எடுப்பவருக்கு முடுக்கம் எப்போதும் நகரும் திசையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு நம்பிக்கை இருப்பதால், வரைபடத்தைப் பார்த்தவுடனே அடுத்து எதை விளக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இத்தகைய தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்ய வேண்டாம். பழைய இன்டர்னல் விடைத்தாள்களில் மாணவர்கள் எழுதிய தவறுகளை அப்படியே எடுங்கள். ஐந்தாவதாக 'உறுதியாகத் தெரியவில்லை' என்றும் ஒரு வாய்ப்பு வையுங்கள். குருட்டாம்போக்கில் தட்டுவது குறையும்.

இனி நேரம். கேள்வியைப் படித்து யோசித்து முதல் வாக்குக்கு ஒன்றரை நிமிடம். இந்த நேரத்தில் வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும், நீங்களும் பேசக்கூடாது. விவாதத்துக்கு 2 முதல் 3 நிமிடம், இரண்டாம் வாக்குக்கு அரை நிமிடம், விளக்கத்துக்கு 2 நிமிடம். ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 7 நிமிடம் ஆகும். 50 நிமிடத்தில் மூன்று கேள்விக்கு மேல் வைத்தால் பாடம் நடத்த நேரம் இருக்காது.

முதல் வாக்கில் சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விவாதம் வேண்டாம். தெரியாதவர் தெரியாதவரிடம் பேசி தவறான விடையிலேயே உறுதியாகிவிடுவார்கள். கருத்தை வேறு வழியில் மறுபடி விளக்கி, மறுபடி வாக்கெடுங்கள். 70-க்கு மேல் என்றால் ஒரு நிமிட விளக்கத்தோடு நகர்ந்துவிடலாம். இடைப்பட்டதுதான் விவாதத்துக்கு ஏற்றது.

எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. முதல் வாக்கு முடிந்ததும் வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுகிறார்கள். உயரமான பட்டை எதுவோ அதுதான் சரி என்று வகுப்பு சாய்ந்துவிடும், அதன்பின் விவாதத்துக்கு உயிர் இருக்காது. இரண்டாம் வாக்கு முடியும் வரை வரைபடம் உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். மடிக்கணினியில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். புரொஜெக்டரில் கேள்வி நிற்கும், மடிக்கணினியில் வரைபடம் ஓடும். 'டூப்ளிகேட்'டில் விட்டால் எல்லாம் திரைக்குப் போய்விடும்.

விவாதத்தை "பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் நண்பர்கள் ஒத்த விடையைச் சொல்லிக்கொண்டு சும்மா இருப்பார்கள். "உங்கள் விடையிலிருந்து வேறுபட்ட ஒருவரைக் கண்டுபிடித்து, அவரை ஒப்புக்கொள்ள வையுங்கள்" என்று சொல்லுங்கள். நிலையான பெஞ்சாக இருந்தால் ஒன்று விட்டு ஒரு வரிசை பின்னால் திரும்பட்டும். அந்த மூன்று நிமிடமும் நடந்துகொண்டே காது கொடுங்கள். விளக்கத்தின்போது எடுத்துப் பேச வேண்டிய வாதங்கள் அங்கேதான் கிடைக்கும்.

சமிக்ஞை எழுதியது:

நெட்வொர்க் பக்கம் நான் சொல்கிறேன். 72 ஃபோன் ஒரே நேரத்தில் என்றால் சிக்கல் வருவது வாக்கு போடும்போது அல்ல, தளம் முதன்முதலில் திறக்கும்போது. ஒரு வாக்கு சில கிலோபைட்தான். ஆனால் பக்கம் முதலில் இறங்க 2 எம்பி என்று வையுங்கள்: 72 பேருக்கு 144 எம்பி. வகுப்புக்குக் கிடைக்கும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் எல்லாருக்கும் திறக்க இரண்டு நிமிடம். கேள்வி போட்ட பிறகு இணைப்பைக் கொடுத்தால் அந்த இரண்டு நிமிடமும் வகுப்பு கலையும். ஆகவே க்யூஆர் குறியீட்டை வருகைப் பதிவு எடுக்கும்போதே திரையில் போட்டுவிடுங்கள். கேள்வியில் படம் இருந்தால் 200 கேபிக்குள் சுருக்குங்கள்.

அடுத்து, அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது.

'ஐபி முகவரி பெறுகிறது' என்று ஃபோன் சுற்றிக்கொண்டே இருந்தால் டிஹெச்சிபி முகவரிகள் (ஒவ்வொரு ஃபோனுக்கும் நெட்வொர்க் தானாக ஒதுக்கும் எண்கள்) தீர்ந்துவிட்டன. ஒரு சாதாரண நெட்வொர்க் பிரிவில் 254 முகவரிதான். ஒரு முகவரியை 24 மணி நேரம் பிடித்துவைக்கும்படி அமைத்திருந்தால் காலையில் வந்துபோனவர்களே எல்லாவற்றையும் எடுத்திருப்பார்கள். அந்தக் கால அளவை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லி சிஸ்டம் அட்மினிடம் கேளுங்கள்.

பக்கம் திறக்கிறது, ஆனால் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போனாலும் மாணவர் திரை பழைய கேள்வியிலேயே நிற்கிறது என்றால் கல்லூரி ஃபயர்வால் வெப்சாக்கெட் இணைப்பை (தளமும் ஃபோனும் அறுபடாமல் பேசிக்கொள்ளும் வழி) தடுக்கிறது. கஹூட், மென்டிமீட்டர் மாதிரி நேரலைத் தளங்கள் அறுபடாத இணைப்பை நம்பி இயங்குபவை. அந்தத் தளத்தின் முகவரிக்கு 443 போர்ட்டில் வெப்சாக்கெட்டை அனுமதிக்க வேண்டும். ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் இப்படி என்றால் ஃபயர்வால் காரணம் இல்லை. ஃபோன் திரை அணைந்ததும் இணைப்பு அறுந்திருக்கும், பக்கத்தைப் புதுப்பித்தால் போதும்.

சிலருக்கு மட்டும் மிக மெதுவாக இருந்தால் அவர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பார்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றுதான். அடுத்தடுத்த அறைகளின் ரௌட்டர்கள் எல்லாம் அதில்தான் முட்டிக்கொள்ளும். வீட்டு ரகத்து ரௌட்டர் ஒன்றை அறையில் மாட்டி 72 பேரைத் தாங்கச் சொல்லாதீர்கள், 25-30 பேரிலேயே திணறும். உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டும் உதவாது, பெரும்பாலான ஃபோன்கள் பத்து இணைப்போடு நிறுத்திக்கொள்ளும். சொந்த டேட்டா உள்ளவர்கள் அதிலேயே வரட்டும், வைஃபையை மற்றவர்களுக்கு விடுங்கள். சுமை தானாகப் பிரியும்.

லாகின் பக்கம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளிவிடும் வகையா என்றும் பாருங்கள். அப்படியானால் மதிய வகுப்பில் பாதிப்பேர் இணைப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

யாப்பிலக்கணி எழுதியது:

தளத்தைப் பற்றி. இலவசத் திட்டத்தில் 50 பேருக்கு மேல் விடாத தளங்கள் உண்டு. சில, ஒரு வகுப்புக்கு 50 என்றில்லாமல் ஒரு மாதத்துக்கே மொத்தம் 50 பேர் என்று எண்ணும். 72 பேர் வகுப்புக்கு இது உதைக்கும். விலைப்பட்டியல் பக்கத்தில் 'பங்கேற்பாளர்' என்ற வரியைப் பார்க்காமல் கேள்விகளை ஏற்ற ஆரம்பிக்காதீர்கள்.

உங்கள் நிலவரத்துக்கு கூகுள் ஃபார்ம்ஸ் போதும் என்பது என் கருத்து. பங்கேற்பாளர் வரம்பு இல்லை, சாதாரண வலைப்பக்கம் என்பதால் ஃபயர்வால் தொல்லையும் வராது. செமஸ்டர் முழுக்க ஒரே ஃபார்ம், ஒரே க்யூஆர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் நான்கே புலம்: வரிசை எண், கேள்வி எண், சுற்று 1 அல்லது 2, விடை அ முதல் உ வரை. கேள்வி புரொஜெக்டரில் இருக்கும், ஃபார்மில் இருக்காது. அமைப்பில் 'ஒரு பதிலுக்கு மட்டும் அனுமதி' என்பதை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் வாக்கு போட முடியாது. 'மற்றொரு பதிலைச் சமர்ப்பிப்பதற்கான இணைப்பைக் காட்டு' என்பதை இயக்குங்கள்.

பதில்களை கூகுள் ஷீட்ஸ் விரிதாளோடு இணைத்து, இன்னொரு தாளில் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரத்தால் கேள்வி எண், சுற்று, விடை மூன்றும் பொருந்தும் வரிகளை எண்ணி, அதற்கு ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். ஃபார்மில் தானாக வரும் வரைபடம் எல்லாக் கேள்வியையும் ஒன்றாகக் கூட்டிவிடும், அதை நம்ப வேண்டாம். கேள்வி எண் செமஸ்டர் முழுக்கத் தொடர்ந்து ஓட வேண்டும். நாளுக்கு நாள் 1-இலிருந்து தொடங்கினால் போன வாரத்து வாக்கும் சேர்ந்து எண்ணப்படும். கேள்வி எண்ணைத் தவறாகத் தேர்ந்தெடுப்பவர்கள் சிலர் இருந்தே தீர்வார்கள். நேரமுத்திரை நெடுவரிசையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் 'பதில்களை ஏற்கிறது' என்பதை அணைத்தால் வாக்கு மூடிவிடும்.

தமிழில் போடும்போது கவனிக்க வேண்டியவை. கஹூட்டில் கேள்விக்கு 120 எழுத்து வரம்பு உண்டு. ஆனால் அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது, நம் எழுத்தை அல்ல. 'கொடுக்கப்பட்ட' என்பது நமக்கு எட்டு எழுத்து, அதற்குப் பதின்மூன்று. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும். இரண்டு மொழியில் ஒரு கேள்வி அங்கே அடங்காது. கேள்வி திரையில், விடை எழுத்து மட்டும் ஃபோனில் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வினாத்தாள்களை யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் வைத்திருந்தால் நேரடியாக ஒட்டாதீர்கள். உங்கள் கணினியில் தமிழாகத் தெரிவது மாணவர் ஃபோனில் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை படித்துப் பார்த்து, பிறகு ஏற்றுங்கள்.

விடையைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்வதையும் தவிர்ப்பது நல்லது. 'கொ' என்பதைச் சில விசைப்பலகைகள் ஒரே உயிர்க்குறியாகவும், சில ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியும். கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு வெவ்வேறு. 'கௌ'வில் ளகரத்தைத் தட்டுபவர்களும் உண்டு. சரியான விடை தவறாக எண்ணப்படும். எண் விடை என்றால் ஃபார்மின் பதில் சரிபார்ப்பில் 'எண்' என்று கட்டாயமாக்கி, அலகைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 9.8, 9.80, 9.8 மீ/வி² மூன்றும் மூன்று விடையாக நிற்கும்.

சுண்ணக்கட்டி எழுதியது:

ஃபோன் இல்லாத அந்த ஏழெட்டுப் பேருக்கு. நான் பள்ளி ஆசிரியர், எங்களிடம் வகுப்பில் மாணவர் ஃபோனே கிடையாது, ஆகவே பிளிக்கர்ஸ் அட்டை. ஒவ்வொரு மாணவருக்கும் எண்ணிட்ட தனி அட்டை, கறுப்புச் சதுர வடிவம். எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிப்பார்கள், ஆசிரியர் தன் ஃபோன் கேமராவால் வகுப்பை ஒருமுறை வருடினால் எல்லாம் பதிவாகும். வடிவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் அடுத்தவரைப் பார்த்துத் திருப்ப முடியாது. இணையம் ஆசிரியர் ஃபோனுக்கு மட்டும் இருந்தால் போதும். ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 63 அட்டை, அதனால் 72 பேர் முழுவதற்கும் போதாது, ஆனால் ஃபோன் இல்லாதவர்களுக்குத் தாராளம்.

அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்யக்கூடாது, டியூப்லைட் பட்டு கேமராவுக்கு வடிவம் தெரியாது. சாதாரண கெட்டித்தாள் போதும். விரல் கறுப்புப் பகுதியை மறைத்தால் படிக்காது, வெள்ளை ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்வரிசை எட்டவில்லை என்றால் பெரிய அளவு அட்டையும் அவர்கள் தளத்தில் உண்டு.

இரண்டு முறையைக் கலப்பது தொல்லையாக இருந்தால், முதல் வாக்கை எல்லாரும் நோட்டில் ஓரமாக எழுதிவிட்டு, ஃபோன் இல்லாதவர் பக்கத்திலிருப்பவர் ஃபோனிலேயே தன் வரிசை எண்ணைப் போட்டு அனுப்பட்டும். ஒளிவிலகல் சார் சொன்ன ஒன்றரை நிமிடத்தில் இது அடங்காது, அரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீள்வட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கூகுள் ஃபார்ம்ஸ் வழியையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். மதிப்பெண் பற்றி யாரும் சொல்லவில்லை. இரண்டாவது: விவாதத்துக்குப் பின் 90 சதவீதம் சரியாக வந்தால், உண்மையிலேயே புரிந்ததா, நன்றாகப் படிக்கும் மாணவர் சொன்னதைத் தட்டினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒளிவிலகல் எழுதியது:

சரியான விடைக்கு மதிப்பெண் வேண்டாம் மேடம். வைத்தால் குழுவில் கெட்டிக்காரர் யாரோ அவர் வாயைப் பார்ப்பார்கள். தன் தவறான எண்ணத்தை வெளியே சொல்ல யாருக்கும் மனம் வராது. நமக்கு வேண்டியதே அந்தத் தவறான எண்ணம் வெளியே வருவதுதான். பங்கேற்புக்கு மட்டும் கொடுங்கள்: செமஸ்டரில் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசிக்கு வாக்களித்திருந்தால் முழுப் பங்கேற்பு மதிப்பெண். நெட் போன நாள், விடுப்பு எல்லாம் மீதிக் கால்வாசியில் அடங்கிவிடும். கஹூட் போன்றவற்றில் வேகத்துக்குப் புள்ளி உண்டு, கருத்துக் கேள்விக்கு அது கேடு. அதைப் பயன்படுத்த நேர்ந்தால் 'புள்ளி இல்லை' என்று அமைத்து, நேரத்தையும் நீட்டிவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. அதைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபியல் வகுப்பில் செய்த ஆய்வு 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. விவாதத்துக்குப் பிறகு, அதே கருத்தைச் சோதிக்கும் ஆனால் தோற்றத்தில் வேறான கேள்வியைக் கொடுத்து, யாரிடமும் பேசாமல் தனியாக விடை வாங்கினார்கள். வெறும் நகல் என்றால் அதில் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. விவாதத்துக்கு முன் குழுவில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாத இடங்களில்கூட முன்னேற்றம் இருந்தது.

உங்கள் வகுப்பில் இதைச் செய்ய ஃபார்மில் 'சுற்று 3' என்று ஒன்றைச் சேர்த்தால் போதும். பந்துக் கேள்விக்கு இணை: சாய்தளத்தில் மேல்நோக்கி உருட்டிவிட்ட பந்து, நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் எந்தத் திசையில்? சரிவின் கீழ்நோக்கி என்று தனியாகச் சொல்பவருக்குப் புரிந்திருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு, லாரியும் காரும் மோதும்போது எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது என்பதில் விவாதித்துவிட்டு, மட்டையும் கிரிக்கெட் பந்தும் படும் கணத்தைச் சுற்று 3-இல் கேளுங்கள். இரண்டிலும் நிறை வேறுபாடு அதிகம் என்பதால் அதே தவறான எண்ணத்தைத்தான் கிளறும்.

எல்லாக் கேள்விக்கும் சுற்று 3 வேண்டாம், நேரம் போதாது. முதல் வாக்குக்கும் இரண்டாம் வாக்குக்கும் இடையே 40 சதவீதத்துக்கு மேல் தாவிய கேள்விகளுக்கு மட்டும் வையுங்கள். இரண்டாம் சுற்றில் 90 வந்து மூன்றாம் சுற்றில் 55-க்கு இறங்கினால், மறுநாள் வகுப்பை அந்தக் கருத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். வரிசை எண் இருப்பதால் இரண்டில் சரியாகச் சொல்லி மூன்றில் தவறியவர்கள் யார் என்று ஷீட்ஸில் வடிகட்டி எடுக்கலாம். அவர்கள் பெரும்பாலும் ஒரே பெஞ்சில் இருந்தால் இடத்தை மாற்றி உட்கார வையுங்கள்.